பழைய லயனல் எஞ்சின் சூடாகிறது, பெட்டியின் ரோலர் கம்பி உருகுகிறது: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றாம் தண்டவாளம் (நியூ ஜெர்சி) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1947-இல் அமெரிக்கப் பொம்மை ரயில் நிறுவனமான லயனல் வெளியிட்ட, மின்சாரத்தில் ஓடும் 2025 எண் நீராவி எஞ்சின் மாதிரி, விசில் பெட்டியுள்ள அதன் டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் வரும் எரிபொருள் வண்டி), 2400 வரிசையைச் சேர்ந்த பச்சை நிறப் பயணிகள் பெட்டிகள் மூன்று, இவற்றோடு ஒரு இசட்-டபிள்யூ மின்மாற்றி ஆகியவை ஒரு வீட்டுப் பொருள் விற்பனையில் எனக்குக் கிடைத்தன. இரண்டு வட்டப் பாதைகள் அமைத்து, வெளிவட்டத்துக்கு மின்மாற்றியின் ஏ முனையிலிருந்தும் உள்வட்டத்துக்கு டி முனையிலிருந்தும் மின்சாரம் கொடுத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே ரயில் மாறிச் செல்ல ஒரு குறுக்குப் பாதை உண்டு.

ரயில் தொடக்கத்தில் நன்றாகவே ஓடுகிறது. கால் மணி நேரம் ஆனதும் வேகம் குறைகிறது, கைப்பிடியை மேலும் திருப்ப வேண்டியிருக்கிறது, எஞ்சினின் கொதிகலன் உடல் கைவைக்க முடியாத அளவுக்குச் சூடாகி, எண்ணெய் கருகும் வாடையும் வருகிறது. நேற்று ஒரு பெட்டியின் அடியில், நடுத் தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் இரண்டு ரோலர்களையும் இணைக்கும் மெல்லிய கம்பியின் மேலுறை உருகி ஒழுகியிருந்ததைக் கண்டேன். அப்போதும் மின்மாற்றியின் பிரேக்கர் விழவில்லை. மோட்டாரைக் கழற்றிச் சுருளை மாற்றி விடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.


டொராண்டோ பட்டறை எழுதியது:

நண்பரே, தயவுசெய்து இப்போதைக்கு ஒரு திருகாணியையும் கழற்றாதீர்கள். நீங்கள் சொல்வதில் எஞ்சின் சூடு ஒன்று, பெட்டிக் கம்பி உருகியது மற்றொன்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய ரயில்களில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பகுதி வயதால் வந்ததல்ல, சூடு எங்கே பிறக்கிறது என்று அளந்து பார்க்காமல் கைக்கு எட்டிய பாகத்தைப் பிரித்ததால் வந்ததுதான். மோட்டாரைப் பிரித்தால், சுழலும் பாகத்துக்கு மின்சாரம் தரும் பிரஷ்ஷின் ஸ்பிரிங் எங்கோ தெறித்துப் போகும், எஞ்சின் ஓடும் திசையை மாற்றும் ஈ-யூனிட்டின் மெல்லிய செப்பு விரல்கள் வளையும், அதன் பிறகு முதலில் இருந்த கோளாறு எது, நாம் உண்டாக்கியது எது என்று பிரித்தறியவே முடியாது.

எஞ்சினைப் பிரிக்காமலேயே மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை ஓரளவு அறிய முடியும். உங்கள் 2025-இல் இருக்கும் ஈ-யூனிட் முன்னோக்கு, நடுநிலை, பின்னோக்கு, மீண்டும் நடுநிலை என்ற வரிசையில் மாறும். நடுநிலையில் மோட்டாருக்கு மின்சாரம் போகாது, ஈ-யூனிட்டின் சுருளுக்கும் முன் விளக்குக்கும் புகைப் பெட்டியின் சூடேற்றிக்கும் மட்டுமே போகும். ஆகவே சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும்படி எஞ்சினைத் தாங்கியில் நிமிர்ந்த நிலையிலேயே தூக்கி வைத்து, ரோலருக்கும் சக்கரத்துக்கும் 12 வோல்ட் கொடுத்து, நடுநிலையில் ஓடும் ஆம்பியரையும் முன்னோக்கு நிலையில் ஓடும் ஆம்பியரையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ மோட்டாருடையது. மாறுமின்னோட்டத்தில் இந்தக் கழித்தல் கணக்கு துல்லியமாக இராது, ஆனால் நமக்கு வேண்டிய அளவுக்குப் போதும்.

அடுத்ததாக, ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போது பாதைக்கு மின்சாரம் இணைத்த இடத்திலும், அதற்கு நேர் எதிர்ப்புறத்திலும் வோல்ட் எவ்வளவு என்று பாருங்கள். இசட்-டபிள்யூ தருவது வெட்டப்படாத முழு அலை என்பதால் சாதாரண மல்டிமீட்டர் போதும். அலையை வெட்டிக் குறைக்கும் புதிய மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வைத்திருப்பவர்கள் மட்டும், அலையின் வடிவம் எதுவானாலும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்எம்எஸ் வகை மீட்டரைப் பயன்படுத்த வேண்டும்.


பழைய பாதை எழுதியது:

என் கருத்தில் இது வோல்ட் குறைவால் வருவது. வீட்டு நீர்மோட்டார் குறைந்த வோல்ட்டில் ஓடினால் எரிந்துபோவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாதையின் இணைப்புகளைச் சரிசெய்துவிட்டு, மோட்டாருக்குள் துரு நீக்கும் ஸ்பிரேயை நன்றாக அடித்து ஓடவிட்டால் எல்லாம் இளகிவிடும்.


காயில் கட்டுபவர் (கோயம்புத்தூர்) எழுதியது:

தொழிலே மோட்டார் காயில் கட்டுவது என்பதால் இதில் சற்று விரிவாகவே மறுக்க வேண்டியிருக்கிறது, நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீர்மோட்டார் இண்டக்‌ஷன் வகையைச் சேர்ந்தது. அது தன் வேகத்தை ஏறக்குறைய விடாமல் பிடித்துக்கொள்ளப் பார்ப்பதால், வோல்ட் குறையும்போது ஆம்பியரைக் கூட்டி இழுத்து எரிந்துபோகிறது. லயனல் எஞ்சினில் இருப்பதோ நிலையாக இருக்கும் ஃபீல்டு காயிலும் சுழலும் ஆர்மேச்சரும் தொடராக இணைந்த சீரீஸ் மோட்டார். இதில் ஆம்பியரை முடிவு செய்வது வோல்ட் அல்ல, சுமை. வோல்ட் குறைந்தால் அது மெதுவாக ஓடும், அவ்வளவே. அதே சுமைக்கு ஏறத்தாழ அதே ஆம்பியரைத்தான் இழுக்கும். எனவே ஆம்பியர் மீட்டர் அதிகம் காட்டினால், ஏதோ ஒன்று மோட்டாரைப் பிடித்து இழுக்கிறது, அல்லது வைண்டிங்கில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகியிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

துரு நீக்கும் ஸ்பிரேயைப் பற்றி: அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான். அது பழைய கிரீஸைக் கரைத்து, ஆர்மேச்சரில் பிரஷ் உரசும் செப்புப் பகுதியான கம்யூட்டேட்டரின் மேல் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே கார்பன் தூளோடு கலந்து, செப்புத் துண்டுகளின் இடுக்குகளில் மின்சாரம் கடத்தும் கரும்பசையாகப் படியும். கொஞ்ச நாள் நன்றாக ஓடுவதுபோல் தோன்றி, பிறகு முன்னிலும் அதிகமாகச் சூடாகும்.

வைண்டிங் எவ்வளவு சூடாகிறது என்பதை வெளியே தொட்டுப் பார்த்து மதிப்பிட முடியாது. அகச்சிவப்புத் துப்பாக்கி வைத்திருந்தாலும், பளபளப்பான உலோகத்தின் மேல் அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஓவியர்கள் ஒட்டும் காகித டேப்பை ஒரு துண்டு ஒட்டி, அதன் மேல் குறிபார்த்தால் ஓரளவு நம்பலாம். இதைவிடச் சிறந்த முறை காயிலையே வெப்பமானியாகப் பயன்படுத்துவது. செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். குளிர்ந்திருக்கும்போது 1.50 ஓம் காட்டிய ஃபீல்டு காயில், ஓடி நிறுத்தியதும் 1.80 ஓம் காட்டினால், வெப்பம் சுமார் 50 டிகிரி ஏறியிருக்கிறது என்று பொருள். அறை 25 டிகிரி என்றால் காயில் 75-ஐத் தொட்டிருக்கிறது. அந்தக் காலத்துப் பருத்தி, காகிதம், வார்னிஷ் காப்புகளுக்கு உச்ச வரம்பு 105 டிகிரி என்பதே தொழிலில் வழங்கும் கணக்கு. அதனால் கை சுடுகிறது என்ற காரணத்துக்காக மட்டும் பயப்பட வேண்டாம், கருகல் வாடை வருகிறதே என்பதற்காகக் கட்டாயம் நிறுத்துங்கள்.


மூன்றாம் தண்டவாளம் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அளந்துவிட்டேன். 12 வோல்ட்டில் நடுநிலையில் 1.1 ஆம்பியர். முன்னோக்கு நிலையில், சக்கரங்கள் அந்தரத்தில் சுழலும்போதே 3.3 ஆம்பியர். பாதையில் ரயில் ஓடும்போது இணைப்பு முனையில் 14 வோல்ட், எதிர்ப்புறத்தில் 11.2 வோல்ட். ஒரு செய்தியைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: கம்பி உருகிய பெட்டி, குறுக்குப் பாதைக்கு அருகில் நான் வைத்திருக்கும் நிலையத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தது.


டொராண்டோ பட்டறை எழுதியது:

நீங்கள் கடைசியில் சேர்த்த செய்திதான் கம்பி உருகியதற்கான விடை. அதை முதலில் பேசிவிடுகிறேன், ஏனென்றால் எஞ்சின் சூட்டைவிட இது ஆபத்தானது.

1948-இல் வந்த இசட்-டபிள்யூவில் ஏ, பி, சி, டி என நான்கு தனி வெளியீடுகள் இருந்தாலும், அவை நான்கும் உள்ளே இருக்கும் ஒரே செகண்டரி வைண்டிங்கின் (பாதைக்கு மின்சாரம் தரும் சுருளின்) மேல் வெவ்வேறு இடங்களில் உருளும் கார்பன் ரோலர்களே. பிரேக்கர் ஒன்றுதான் உண்டு. அது யு என்று குறிக்கப்பட்ட பொது முனையின் வழியில் இருக்கிறது. மின்சாரம் ஏ-யிலிருந்து புறப்பட்டு யு வழியாகத் திரும்பினால் பிரேக்கர் அதைப் பார்க்கும். ஏ-யிலிருந்து புறப்பட்டு டி வழியாகத் திரும்பினால் பிரேக்கருக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் பெட்டியின் ஒரு ரோலர் வெளிவட்டத்தின் நடுத் தண்டவாளத்திலும், மற்றொன்று இடைவெளியைத் தாண்டி உள்வட்டத்தின் நடுத் தண்டவாளத்திலும் நின்றிருக்கிறது. வெளிவட்டம் 14 வோல்ட், உள்வட்டம் 9 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், 5 வோல்ட் வேறுபாடு இரண்டு ரோலர்களையும் இணைக்கும் அந்த மெல்லிய கம்பியின் குறுக்கே நிற்கிறது. அந்தச் சுற்றின் மொத்தத் தடை 0.3 ஓம் இருந்தால் ஓடுவது 16 ஆம்பியருக்கும் மேல். விளக்குகளுக்காகப் போட்ட கம்பி அது, உருகியதில் வியப்பில்லை. அதே மின்சாரம் மின்மாற்றியின் கார்பன் ரோலர்கள் வழியாகவும் போயிருக்கிறது. ஆகவே மின்மாற்றியின் மூடியைத் திறந்து, கார்பன் ரோலர்கள் குழிவிழுந்திருக்கின்றனவா, அவை உருளும் வெறும் செப்புச் சுற்றுகள் கறுத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். திறக்கும் முன் சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுவது முதல் வேலை. கறுப்பு இருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து ஆல்கஹாலால் துடைக்கலாம். ரோலர் தட்டையாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், புதியவை விற்பனைக்குக் கிடைக்கின்றன.

இனி எஞ்சின். 3.3-இலிருந்து 1.1-ஐக் கழித்தால், சுமையே இல்லாத நிலையில் மோட்டார் சுமார் 2.2 ஆம்பியர் இழுக்கிறது. இது அதிகம். காயில் கட்டுபவர் சொன்னபடி, உராய்வா ஷார்ட்டா என்பதுதான் கேள்வி. 2025-இன் மோட்டார் நேர்ப் பல்சக்கரங்கள் வழியாகச் சக்கரங்களைச் சுழற்றுவது என்பதால் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. பிரஷ் பிளேட்டின் திருகாணிகளைக் கழற்றி, பிளேட்டையும் ஆர்மேச்சரையும் மட்டும் வெளியே எடுத்துவிட்டு, சக்கரங்களை விரலால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும். பிசுபிசுத்து நின்றால் கோளாறு கிரீஸில். வார்ம் கியர் (திருகு வடிவப் பல்சக்கரம்) வைத்த எஞ்சின்களில் இந்தச் சோதனை செல்லாது, அவற்றின் சக்கரத்தைக் கையால் திருப்ப முயன்றால் பல் உடையக்கூடும்.

பாதையில் நீங்கள் கண்ட 2.8 வோல்ட் இழப்பு மோட்டாரைச் சூடாக்கவில்லை. ஆனால் ரயிலை மெதுவாக்குகிறது. அந்த இழப்பில் பெரும்பகுதி இணைப்பு ஊசிகளில் வெப்பமாகப் போகிறது. 3 ஆம்பியர் ஓடும் பாதையில் ஒரு தளர்ந்த ஊசி 0.5 ஓம் தடை காட்டினால், அந்த ஒரு புள்ளியில் மட்டும் 4.5 வாட் வெப்பம். ரயில் ஓடி நின்றதும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரல்நுனியால் தொட்டுக்கொண்டே போனால், கோளாறுள்ள ஊசி தானே தெரியும். துரு பிடித்த ஊசிகளை மாற்றி, தண்டவாளக் குழாயின் வாயைக் குறடால் மெதுவாக நெருக்கி, எதிர்ப்புறத்துக்கும் தடித்த கம்பியில் தனி இணைப்புக் கொடுங்கள்.


காயில் கட்டுபவர் எழுதியது:

ஆர்மேச்சரை வெளியே எடுக்கும்போது செய்ய வேண்டிய சோதனைகளைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கம்யூட்டேட்டரில் மூன்று செப்புத் துண்டுகள் இருக்கும். ஒவ்வோர் இணைக்கும் நடுவே உள்ள தடை மூன்று அளவீடுகளிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறுபட்டால் அந்தக் காயிலில் ஷார்ட் அல்லது உடைப்பு. எந்தத் துண்டிலிருந்து தண்டுக்கு அளந்தாலும் தொடர்பே இருக்கக் கூடாது. மலிவான மீட்டரில் 1 ஓம், 2 ஓம் அளவுகளை நம்ப முடியாது, சோதனைக் கம்பிகளின் தடையே கால் ஓம் வந்துவிடும். அதற்குப் பதிலாக, ஆம்பியரைக் கட்டுப்படுத்தும் வசதியுள்ள நேர்மின்னோட்ட (டிசி) சப்ளையிலிருந்து சரியாக 1 ஆம்பியரைக் காயிலில் செலுத்தி, செப்புத் துண்டுகளின் மேலேயே வோல்ட்டை அளந்தால், எத்தனை வோல்ட்டோ அத்தனை ஓம்.

துண்டுகளுக்கு இடையே உள்ள இடுக்குகளை மரப் பல்குத்தும் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். இரும்பு நார் வேண்டவே வேண்டாம், அதன் தூசி எங்காவது சிக்கிக் கொண்டு புதிய ஷார்ட்டை உண்டாக்கும். பிரஷ் ஸ்பிரிங்குகளையும் பாருங்கள். ஸ்பிரிங் வழியாகவே மின்சாரம் போகும் அமைப்பில், பிரஷ் குழாய்க்குள் சரியாகத் தொடாவிட்டால் முழு மின்சாரமும் ஸ்பிரிங்கில் ஓடும். அது சூடேறித் துவண்டுவிடும். துவண்ட ஸ்பிரிங் பிரஷ்ஷை அழுத்தாது, தீப்பொறி பறக்கும், செப்பு குழிவிழும். அதற்காக ஸ்பிரிங்கை இழுத்து நீட்டி வைத்தால் அழுத்தம் கூடி அதுவே உராய்வுச் சூடாகும். புதிய ஸ்பிரிங் போடுவதே முறை.


மெரினா பாசஞ்சர் (சென்னை) எழுதியது:

இந்த இழையிலேயே என் கேள்வியையும் கேட்க அனுமதி வேண்டுகிறேன். என் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து திரும்பும்போது கொண்டுவந்த லயனல் தொகுப்பில் இதே இசட்-டபிள்யூ இருக்கிறது. 230-இலிருந்து 110 வோல்ட்டாகக் குறைக்கும் பெட்டி வழியாக இயக்குகிறேன். பாதையில் எஞ்சினே இல்லாதபோதும் மின்மாற்றி ரீங்காரமிட்டுக்கொண்டு சூடாகிறது. உள்ளே ஷார்ட் இருக்குமோ?


காயில் கட்டுபவர் எழுதியது:

ஷார்ட் இருக்க வேண்டிய அவசியமில்லை, தம்பி. அந்த மின்மாற்றி 115 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். இரும்புக் கருவில் ஓடும் காந்தப்பாயம், வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்து வரும் அளவைப் பொறுத்தது. 50 ஹெர்ட்ஸில் 115 வோல்ட் கொடுப்பது, அந்த இரும்புக்கு 60 ஹெர்ட்ஸில் 138 வோல்ட் கொடுப்பதற்குச் சமம். மலிவு கருதி இரும்பை எல்லை வரை பயன்படுத்திக் கட்டிய மின்மாற்றி, அதில் நிறைவு நிலைக்கு, அதாவது இரும்பு அதற்குமேல் காந்தம் ஏற்காத நிலைக்குப் போய்விடும். சுமையே இல்லாமல் பிரைமரி காயில் (சுவர் மின்சாரம் நுழையும் சுருள்) ஆம்பியரை இழுத்துச் சூடாகும். மாலை நேரத்தில் வீட்டு வோல்ட் 245 வரை ஏறும் தெருவென்றால் இன்னும் மோசம்.

115-ஐ 50-ஆல் பெருக்கி 60-ஆல் வகுத்தால் 96 வோல்ட் அளவு வருகிறது. குறைக்கும் பெட்டிக்குப் பின்னால் ஒரு சிறிய வேரியாக் (வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க உதவும் மின்மாற்றி) வைத்து, இசட்-டபிள்யூவுக்கு 96 வோல்ட் மட்டும் கொடுங்கள். ரீங்காரம் அப்போதே தணிவதைக் கேட்பீர்கள். உச்ச வெளியீடு 20-க்குப் பதிலாக 17 வோல்ட் அளவில் நிற்கும், 2025 போன்ற எஞ்சினுக்கு அது தாராளம். மோட்டாருக்கு 50 ஹெர்ட்ஸால் ஒரு கேடும் இல்லை. 96 வோல்ட்டிலும் சுமையின்றிச் சூடானால்தான் ஷார்ட் என்று சந்தேகப்பட வேண்டும்.

பிளக் கம்பியின் ரப்பர் உறையை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள், வெளியே மட்டும் அல்ல, பெட்டிக்குள் முடியும் இடம் வரை.


டொராண்டோ பட்டறை எழுதியது:

இரண்டு மின்மாற்றிகளைச் சேர்த்து ஒரே பாதைக்கு இணைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்தால் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். இரண்டில் ஒன்றின் பிளக்கை மட்டும் சுவரிலிருந்து உருவினால், மற்ற மின்மாற்றி பாதைக்குக் கொடுக்கும் 15 வோல்ட், உருவப்பட்ட மின்மாற்றிக்குள் செகண்டரி வழியாகப் புகுந்து, பிரைமரியில் நூறு வோல்ட்டுக்கு மேல் ஏறி, கையில் நீங்கள் பிடித்திருக்கும் பிளக்கின் வெறும் முனைகளில் வந்து நிற்கும். குழந்தைகள் கூடும் அறையில் இது உயிராபத்து. எல்லா மின்மாற்றிகளையும் ஒரே சுவிட்சுள்ள பலகையில் செருகி, அந்தச் சுவிட்சால் மட்டுமே நிறுத்துங்கள்.


பழைய பாதை எழுதியது:

சீரீஸ் மோட்டார் பற்றிய விளக்கத்துக்கு நன்றி. நான் அதை நீர்மோட்டாரோடு ஒப்பிட்டது பொருந்தாது என்று புரிந்தது. புகைப் பெட்டியால் சூடு வருமா? என் எஞ்சினில் திரவம் தீர்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.


டொராண்டோ பட்டறை எழுதியது:

வரும். 1947-க்குப் பிந்தைய புகைப் பெட்டியில் இருப்பது நிக்ரோம் கம்பிச் சூடேற்றி. ரயில் ஓடினாலும் நின்றாலும் அதில் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். முதலில் மாத்திரை போட்டுப் புகைய விட்டார்கள். பின்னாளில் பலர் திரவத்துக்கு மாற்றி உள்ளே திரி வைத்திருக்கிறார்கள். திரவம் உலர்ந்தால் திரி கருகும், அதன்பின் திரவம் ஊற்றினாலும் புகை வராது. புகை வேண்டாதபோது சூடேற்றியின் இணைப்பை எடுத்துவிடுவது நல்லது. ஈ-யூனிட்டின் சுருளும் எப்போதும் சூடாகத்தான் இருக்கும், அது இயல்பு; அதன் உள்ளே ஏறி இறங்கும் இரும்புத் தண்டுக்கு மட்டும் எண்ணெய் விடாதீர்கள், ஒட்டிக்கொள்ளும்.


மூன்றாம் தண்டவாளம் எழுதியது:

சொன்னபடி செய்து முடித்தேன். ஆர்மேச்சரை எடுத்தபின் சக்கரங்களைத் தள்ளினால் உருளவே இல்லை, பல்சக்கரங்களுக்கிடையே கிரீஸ் மெழுகுபோல் இறுகிப் பழுப்பு நிறமாகியிருந்தது. கம்யூட்டேட்டரின் இடுக்குகளில் கரும்பசை. 1 ஆம்பியர் செலுத்தி அளந்ததில் மூன்று இணைகளும் ஒரே அளவு, தண்டுக்குத் தொடர்பு இல்லை, ஆகவே காயிலை மாற்றத் தேவையில்லை. பழைய கிரீஸை முழுவதும் துடைத்தெடுத்து, பற்களுக்குப் புதிய கிரீஸும் தண்டின் இரு முனைகளுக்கு ஒவ்வொரு துளி மெல்லிய எண்ணெயும் இட்டேன். இப்போது சக்கரங்கள் அந்தரத்தில் 12 வோல்ட்டில் மொத்தம் 2.2 ஆம்பியர். ஒரு மணி நேரம் பெட்டிகளோடு ஓடியும் வாடை இல்லை.

மீதமிருப்பது ஏ-டி சிக்கல். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் போடுவது, எங்கே போடுவது?


டொராண்டோ பட்டறை எழுதியது:

மிக நல்ல செய்தி. ஏ கம்பிக்கு ஒன்று, டி கம்பிக்கு ஒன்று, மின்மாற்றியின் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் ஃபியூஸ் வையுங்கள். யு கம்பியில் வைத்தால் இந்தக் கோளாறுக்குப் பயன்படாது. விளக்குகளோடு உங்கள் ரயில் 4 ஆம்பியருக்குள் அடங்கும் என்பதால், கார்களில் பயன்படும் 7.5 ஆம்பியர் தகட்டு ஃபியூஸ் பொருந்தும். அது 32 வோல்ட் வரை தாங்கும். பெட்டிகளில் ரோலர்களை இணைக்கும் கம்பியை 18 கேஜ் அளவுள்ள, நன்கு வளையும் சிலிக்கான் உறைக் கம்பியாக மாற்றுங்கள். குறுக்குப் பாதையில் ரயில் கடக்கும்போது இரண்டு கைப்பிடிகளையும் ஒரே வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள், நிலையத்தையும் அந்த இடைவெளியிலிருந்து ஒரு ரயில் நீளமாவது தள்ளி அமையுங்கள். ஃபியூஸ் போனால் பெரியதாக மாற்றாதீர்கள், எந்தப் பெட்டி எங்கே நிற்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள்.